கயிற்றில் இறங்கியவரின் பதக்கம்

யூகலிப்டஸ் தைலமும், ஹீட்டரில் காய்ந்த கம்பளியும், அடுப்பில் மறந்துபோய்ச் சுண்டிய காப்பியும் சேர்ந்த ஒரு வாசனை, அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்ததும் வரும். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போனதால், பள்ளி விட்டதும் நான் அந்த வீட்டில்தான் இருப்பேன். அது மாலா ஆன்ட்டியின் வீடு. அவருடைய அப்பா ராஜன் தாத்தா ஜன்னலோர நாற்காலியில் பாதிக் கண் மூடியபடி சாய்ந்திருப்பார்.

சிங்கப்பூரில் பிறந்து, இளவயதில் இங்கிலாந்து போய், அங்கே விமானப்படையில் மீட்பு ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கும் வேலை பார்த்துவிட்டு, வயதான பிறகு மகளோடு இருக்க இங்கே வந்தவர் அவர். ஒரு புயலில் மூழ்கிக்கொண்டிருந்த மீன்பிடிப் படகிலிருந்து மூன்று பேரை மேலே ஏற்றினார். நான்காவது ஆள் தூக்குவதற்காக மாட்டிய பட்டையிலிருந்து நழுவிக் கடலில் போய்விட்டார். அந்த மீட்புக்காக அவருக்கு முட்டை வடிவில் ஒரு வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். வெள்ளையும் சிவப்புமாகச் சாய்கோடு போட்ட அதன் ரிப்பனைத் தொட்டுப் பார்க்க எனக்கு ஆசை. அவரோ அதை 'டிராயர்ல கெடக்கட்டும்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஒரு வருஷம் தமிழ்ச் சங்கத் தீபாவளி விழாவில் அவரைக் கௌரவிக்க மாலா ஆன்ட்டி ஏற்பாடு செய்தார். கோட்டில் பதக்கத்தைக் குத்திவிட்டதும் அவர்தான். மேடையில் தொகுப்பாளர் உற்சாகம் மிகுந்து, எதிரி விமானங்களை வீழ்த்திய மாவீரர் என்று அறிமுகப்படுத்த, அரங்கமே கைதட்டியது. தாத்தா மைக்கை வாங்கி, தான் யாரையும் சுட்டதில்லை என்றும், இந்தப் பதக்கம் சண்டைக்காகக் கொடுப்பதே இல்லை என்றும், கடலில் ஒருவரை விட்டுவிட்டதையும் சேர்த்து மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்த நடனத்துக்குப் பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

திரும்பும்போது காரின் பின்சீட்டில் நான் இருந்தேன். வண்டியை ஓட்டிக்கொண்டே மாலா ஆன்ட்டி, "அவங்க சொன்னத அப்படியே விட்டிருக்கலாமேப்பா" என்றார்.

"விட்டா, அந்த நாலு பேரும் எங்க போவாங்கம்மா?" என்றார் தாத்தா.

அந்தக் குளிர்காலத்தில்தான் பழைய நண்பர் ஒருவர் லண்டனிலிருந்து போன் செய்து, அந்தப் பதக்கத்தையே நிறுத்திவிட்டார்கள் என்றார். அதுவரை ஒரே மீட்புப் பணிக்கு அதிகாரிகளுக்குச் சிலுவை என்ற உயர்ந்த விருதும் மற்றவர்களுக்கு இந்தப் பதக்கமும் கொடுத்தார்களாம். இனி எல்லோருக்கும் சிலுவைதானாம். தாத்தா கயிற்றில் இறங்கியபோது இருக்கையை விட்டு எழாமல் ஹெலிகாப்டரைப் புயலில் நிறுத்தி வைத்திருந்த அதிகாரிக்கு அன்று சிலுவை கிடைத்திருக்கிறது. மாலா ஆன்ட்டிக்குக் கோபம். மாற்றித் தரச் சொல்லி அப்ளை பண்ணலாம் என்றார். தாத்தா வேண்டாம் என்றார். "அவரும் நல்லாத்தான் ஓட்டினாரு. எனக்குத் தூக்கம் வருது மாலா" என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டார். வசந்தம் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். சங்க விழா நடந்த அரங்கை இடித்து பார்க்கிங் ஆக்கிவிட்டார்கள். மாலா ஆன்ட்டி மில்பிடாஸ் என்ற ஊரில் மகனோடு இருக்கிறார். போன வாரம் போனில் பேசும்போது, தாத்தாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னேன். நல்லா எழுது என்றார்.

"என் சின்ன வயசுல அவரு வீட்லயே இருந்ததில்லம்மா. எத்தனையோ பேரத் தூக்கினாரு. என்னைத் தூக்கினதா ஒரு ஞாபகம்கூட இல்ல" என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

அதையும் எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது என்றார்.