முதலாளி ஒப்புக்கொடுத்த பூசை

எங்கள் ஊர் ஐஸ் கொம்பனி முதலாளியை யாராவது நல்ல மனிதர் என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அவருடைய கொம்பனியில் ஐஸ் உடைக்கிற மெஷினுக்குள் கட்டிகளைத் தள்ளுவது என் வேலை. மூடி இருந்தால் வேலை ஓடாது என்று அதைக் கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். ஒருநாள் கட்டி வழுக்கியது. வலக்கையில் மூன்று விரல்கள் போயின.

மயங்கிக் கிடந்த என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த மனேஜர், வீட்டில் மீன் வெட்டும்போது நடந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மூன்று விரலையும் ஒன்றாக வெட்டிக்கொள்ள நான் என்ன சுறாவா அறுத்தேன்?

பிறகு நட்டஈடு கேட்டபோது முதலாளி, அப்படி ஒருத்தி தன்னிடம் வேலை செய்யவே இல்லை, ஐஸ் வாங்க வந்துபோகிறவள் என்றார். சம்பளம் கையில்தான் தருவார்கள், ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. என்னோடு வேலை செய்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். ஒருத்தியும் வரவில்லை. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆத்திரம் ஆறவில்லை.

மன்னார் டவுனில் ஏழைகளுக்குச் சும்மா வழக்குப் பார்க்கிற கந்தோர் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கிருந்த சட்டத்தரணி என் வயதுப் பெண். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள். வேலை செய்ததற்கு அத்தாட்சி உண்டா? இல்லை. சாட்சி? இல்லை. பிறகேன் வந்தாய் என்பதுபோல ஒரு பெருமூச்சு விட்டாள். எனக்கு வாய் அடங்கவில்லை. முதலாளியைத் திட்டித் தீர்த்தேன். செய்வதையும் செய்துவிட்டு, ஊர் மெச்ச எனக்காகப் பூசையும் ஒப்புக்கொடுத்த வேஷக்காரன் என்றேன்.

அவள் பேனையைக் கீழே வைத்தாள். "என்ன பூசை?"

எங்கள் வேதக்கோயிலில் பூசை தொடங்கமுன்னர், அது யாருக்காக, யார் ஒப்புக்கொடுப்பது என்று பங்குச் சுவாமி ஒலிபெருக்கியில் சொல்லுவார். நான் வார்டில் கிடந்த ஞாயிற்றுக்கிழமை, நட்டஈட்டுப் பேச்சே எழாத நேரம், 'எங்கள் ஐஸ் கொம்பனியில் வேலை செய்யும்போது காயப்பட்ட சகோதரி சுகம்பெற' என்று முதலாளி எழுதிக்கொடுத்த மன்றாட்டுக் கருத்தைச் சுவாமி வாசித்திருக்கிறார். ஊர் முழுக்கக் கேட்டது. பெருமைக்குச் செய்த வேலை.

அதைப் பிடித்துக்கொண்டு அவள் நட்டஈட்டு வழக்குப் போட்டாள். விசாரணைக்கு முதலாளி வெள்ளைச் சேட்டோடு வந்தார். வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு, நான் அவருடைய வேலையாள் இல்லை என்றார். சட்டத்தரணி பூசையைப் பற்றிக் கேட்டாள். அப்படி ஒன்றும் தான் கொடுக்கவில்லை என்றார்.

"அப்ப சுவாமி பொய் வாசிச்சவரோ? அவரைக் கூப்பிட்டுக் கேப்பமோ?"

முதலாளி கோயில் சபைத் தலைவர். சுவாமியைப் பொய்யராக்கிவிட்டு எந்த முகத்தோடு முன்வரிசையில் முழந்தாளிடுவது? விசாரணை அதிகாரி பதிலுக்காகக் காத்திருந்தார்.

"நான்தான் குடுத்தனான்," என்றார் என்னைப் பார்க்காமல். "எங்கட வேலைக்காரிதான். மெஷினிலதான் பட்டது."

கேட்கவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள் என்றாள் சட்டத்தரணி. அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது.

நட்டஈடு கிடைத்தது. ஊர்தான் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. கோயில் தலைவரை வழக்கென்று கோட்டில் ஏற்றிவிட்டாளாம். அடுத்த ஞாயிறு பூசையில் நான் உட்கார்ந்த வாங்கில் வேறு ஒருவரும் வந்து உட்காரவில்லை. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தபோது முதலாளி முன்வாங்கிலிருந்து திரும்பி, எல்லோரும் பார்க்க, எனக்குக் கைகூப்பித் தலை குனிந்தார். நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

விரல் இல்லாதபடியால் கூப்ப முடியவில்லை, பாவம் என்று பின்னால் யாரோ மெல்லச் சொன்னார்கள். பத்து விரலும் இருந்திருந்தாலும் நான் கூப்பியிருக்கமாட்டேன்.