தற்காலிகம் என்று எழுதிய வரி

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘பில்ட் அண்ணன்’. மற்றவர்கள் ‘சி’ என்ற கணினி மொழியில் எழுதும் நூற்றுக்கணக்கான கோப்புகளை எடுத்து ஒரே நிரலாகக் கட்டித் தரும் கருவி அவருடையது. அது ஓடும்வரை அவரை யாரும் தேடுவதில்லை. நின்றால், கழிவறை வாசலில்கூட ஆள் நிற்கும்.

மனைவிக்கு வேறு ஊரில் வேலை. நான்கு வருடமாகக் கெஞ்சி வாங்கிய இடமாற்றக் கடிதம் மேனேஜர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கருவி புதிய கணினிகளிலும் ஓடினால் அன்றே கையெழுத்து.

ஓடவில்லை. கோப்புகளை வரிசைப்படுத்த, பழைய கணினியோடு வந்த லைப்ரரி என்ற ஆயத்த நிரல் தொகுப்பிலிருந்து ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு சிறு நிரல்துண்டை, பதினோரு வருடத்துக்கு முன் அவரேதான் இழுத்துப் போட்டிருந்தார். பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று குறிப்பு வேறு. புதிய கணினியிலும் அதே பெயரில் ஒன்று உண்டு. ஆனால் கொடுக்கும் விவரங்களை வேறு வரிசையில் கேட்கும். பழைய வரிசையில் கொடுத்தால் படுத்துவிடும்.

“உங்க ஃபங்ஷனும் உங்கள மாதிரிதான். பழகின இடத்த விட்டா கால் வராது,” என்றாள் மனைவி போனில்.

சொந்தமாக முப்பது வரியில் ஒன்று எழுதினார். ஆனால் முன்ஜாக்கிரதை அவருக்கு ஒரு வியாதி. லைப்ரரியில் அந்தப் பெயர் இருந்தால் அதையே எடு, இல்லாவிட்டால் மட்டும் என்னுடையது என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தார். பழைய கணினியில் மூன்று முறை ஓட்டினார். மூன்று முறையும் ஓடியது. புதியதில் அதே இடத்தில் விழுந்தது. இரண்டு நாள் தன் முப்பது வரியையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்து இருக்கைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“அண்ணா, உங்களோடது ஒரு தடவகூட ஓடவே இல்ல. ரெண்டு மெஷின்லயும்தான் அந்தப் பேர் இருக்கே. பேரக் கேட்டு உள்ள விட்டீங்க, ஆளப் பாக்கல.”

நிபந்தனையை அழித்தார். எல்லாக் கணினிகளிலும் ஓடியது.

மேனேஜர் பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார்.

“எல்லா மெஷின்லயும் ஓடுதுன்னா, எல்லாத்துக்கும் ஒரு ஆள் வேணுமே. உங்கள விட்டா யாருக்கு இது தெரியும்? ஒரு மூணு மாசம் பாருங்க. தற்காலிகமாத்தான்.”

கடிதம் டிராயருக்குள் போனது. பில்ட் அண்ணன் இருக்கைக்குத் திரும்பி மனைவியை அழைத்தார்.

“கையெழுத்து ஆச்சா?”

“மூணு மாசமாம். தற்காலிகமா.”

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

“நீங்க எழுதின தற்காலிகமா, அவர் சொல்ற தற்காலிகமா?”

அவர் பதில் சொல்வதற்குள் இருக்கைக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள்.