புளிக்காத அக்கானி

கருங்கல் ஊருக்குப் பக்கத்து மிஷன் பெண்பள்ளியில் எனக்கு அப்போது தற்காலிக வேலை. பள்ளிக்கூடத்தை நடத்திவந்த எங்கள் சபைப் போதகர், என் பாடம் ஒன்றைப் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார். வம்பை விலைக்கு வாங்குவது என் சுபாவம். கிருமிகள் தானாக உண்டாவதில்லை என்று காட்டும் சோதனையை எடுத்துக்கொண்டேன்.

புத்தகத்தில் இறைச்சிச் சாறு என்றிருந்தது. வகுப்பில் இறைச்சி தொடாத அய்யாவழிப் பிள்ளைகளும் இருந்ததால் பனையேறியிடம் அக்கானி என்னும் பதநீர் வாங்கி, இரண்டு குடுவைகளில் கொதிக்க வைத்தேன். ஒன்றுக்கு நேர்க் கழுத்து. மற்றதற்கு நீண்டு வளைந்த கழுத்து. காற்று உள்ளே போகும், தூசி வளைவிலேயே தங்கிவிடும். ஆகவே நேர்க் கழுத்தில் இருப்பது மட்டும் கெட வேண்டும்.

மூன்று நாளாகியும் இரண்டும் கெடவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொதித்தது அதிகமோ? புத்தகம் பொய்யோ? தூசிக்கும் எங்கள் ஊர் பிடிக்கவில்லையோ?

பனையேறியிடம் கேட்டேன். சிரித்தார்.

"கலயத்துல சுண்ணாம்பு தேச்சுல்லா எறக்குதோம். பின்ன எப்பிடிப் புளிக்கும்?"

"தேய்க்காம ஒரு கலயம் தாருமேன்."

"அது கள்ளாக்கும் டீச்சரம்மா. சபையில அறிஞ்சா?"

அறிந்தால் திருவிருந்துக்கு விலக்கு, வேலையும் போய்விடும். என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு நாள் குழம்பினேன். பிறகு வாங்கியே விட்டேன். மரத்திலிருந்து இறக்கியதும், மேலும் புளிக்கவிடாமல் அதே இரண்டு குடுவைகளிலும் கொதிக்க வைத்தேன்.

போதகர் வந்த அன்று வளைந்த கழுத்துக் குடுவை தெளிவாக இருந்தது. மற்றது நுரைத்து, வகுப்பெங்கும் கள்ளுக்கடை வாடை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் முகம் கறுத்தது.

"இங்க கள்ளு எப்பிடி வந்துது?"

தூசியிலிருந்த கிருமியால் என்று சொல்லலாம். சுண்ணாம்பு போட்டது எப்படிப் புளித்தது என்று உடனே கேட்பார். சுண்ணாம்பு போட்டால் புளிக்காது என்பது இந்த ஊரில் தெரியாமலிருந்தவள் நான் ஒருத்திதான்.

"தானா வந்துட்டு ஐயா" என்றேன்.

"இனி நல்ல அக்கானியாப் பாத்து வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை நிரந்தரமானது.

பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'கிருமி தானாக வராது' என்று அரைமணி நேரத்துக்கு முன்பு அவர்களை எழுதச் சொன்னவள் நான்தான். முன்வரிசையில் ஒருத்தி விரலில் எச்சில் தொட்டுச் சிலேட்டிலிருந்து அந்த வரியை அழித்தாள்.