சாட்சி சொன்ன பிறகு

வெள்ளவத்தை வீட்டுக் கதவைத் திறந்ததும் ஒலிவ எண்ணெய் வாசம் வந்தது. என் பதினாறு வயது மகள் கட்டிலில் நிமிர்ந்திருந்து மூச்சுக்குத் திணறினாள். ஜெபக்கூட்டத்தில் பூசிய எண்ணெய் நெற்றியில் மினுங்கியது.

"இழுப்புக்கு அடிக்கிற பம்ப் எங்க பிள்ளை?"

"வேண்டாம் அம்மா. ஆஸ்துமா சுகமாகிட்டுது எண்டு சபையில சாட்சி சொல்லிட்டன்."

அந்த வாசம் என்னைக் கொட்டாஞ்சேனை வீட்டு முன்னறையில் கொண்டுபோய் நிறுத்தியது. அப்போது எனக்கு ஒன்பது வயது. குணமாக்கும் வரம் பெற்றவர் என்று அப்பாவைத் தேடி ஆட்கள் வருவார்கள். ஆஸ்துமாக்கார அண்ணாவின் தலையிலும் அவர் கைவைத்தார். அடுத்த ஞாயிறே அண்ணா, சுகமாகிவிட்டேன் என்று சபையில் சாட்சி சொன்னான். அதன்பின் மூச்சிழுப்பு வந்தால் துவாயை வாயில் பொத்திக்கொண்டு குளியலறையில் ஒளிவான். மருந்து எடுத்தால் அப்பாவின் வரம் பொய்யாகிவிடும் என்ற பயம் அவனுக்கு.

ஒருநாள் கதவை உடைத்துத்தான் அவனைத் தூக்கினோம். உதடுகள் நீலம். "ஆண்டவரே, வரத்தை எடுத்துப்போடும், பிள்ளையைத் தாரும்" என்று கத்திக்கொண்டே அப்பா அவனைத் தோளில் சுமந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அண்ணா பிழைத்தான். அப்பா பிறகும் ஜெபித்தார். ஆனால் வருகிறவர்களிடம் டாக்டர் எழுதிய மருந்துத் துண்டை முதலில் கேட்பார்.

மகளின் புத்தகப்பையைக் கொட்டி பம்பை எடுத்தேன். மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினேன்.

"வாயில வை. ஞாயிற்றுக்கிழமை நானும் எழும்பி, உன்ர மாமா சொல்லாத மிச்சச் சாட்சியைச் சொல்லுறன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.