அது பாட்டு இல்லை, மாமா

அந்தக் கம்ப்யூட்டருக்கென்று திரை கிடையாது. தடித்த புத்தகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதன்மேல் ரப்பர் பொத்தான்கள், பின்னால் ஒயர்கள். ஒரு ஒயரை டிவியில் சொருக வேண்டும், இன்னொன்றை டேப்ரெக்கார்டரில். எண்பதுகளின் நடுவில், சேரப்பணஞ்சேரியில் அந்தத் தெருவில் டிவி இருந்த ஒரே வீடு என் அக்கா வீடு. படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காத நான் அங்கேதான் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பன் ஒருவன் தனக்கு அலுத்துப்போன பெட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். அக்காவின் கணவர், அதாவது மாமா, ஷிஃப்ட்டுக்குப் போனதும் அவருடைய டிவியைப் பிடித்துக்கொண்டு நான் இசையமைப்பாளர் ஆகிவிடுவேன்.

இசை என்று சொல்லவே இப்போது கூசுகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு எண்களை அடிக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும், எவ்வளவு உயரத்தில் ஒலிக்க வேண்டும் என்று. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான். வாசல் மணியை யாரோ அழுத்திப் பிடித்துக்கொண்டு ராகம் பாடச் சொன்னது போல இருக்கும். காலையெல்லாம் எண்களாக அடித்து நாலு வரி மெட்டு கட்டியிருப்பேன். கழனியில் யாராவது பம்புசெட்டைப் போடுவார்கள். டிவியில் படம் சுருங்கும், பெட்டி ஒரு நொடி செத்துப் பிழைக்கும், மெட்டு போன இடம் தெரியாது. அதனால் அடித்ததையெல்லாம் அவ்வப்போது கேசட்டில் ஏற்றி வைப்பேன். கேசட்டில் ஏறுவது பாட்டு அல்ல, அந்த எண்கள்தான். பெட்டிக்கு மட்டும் புரிகிற வெறும் கிறீச்சிடல். ஒயரைச் சொருகியதும் ரெக்கார்டர் ஊமையாகிவிடும் என்பதால் வீட்டில் ஒருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

மாமா லாரி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் மெஷின் ஓட்டினார். கறுத்து, உயரமாக, எதற்கும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு பேசுகிற மனிதர். கம்பெனி பஸ்ஸில் ஏறினாலே என் பெருமைதான் பேசுவார் என்று அவரோடு போகிறவர்கள் சொல்லுவார்கள். "எம் மச்சான் கம்ப்யூட்டர்ல பாட்டு கட்டிக்கினு கீறான்" என்று. வீட்டுக்குள் நுழையும்போதே, "இன்னா மச்சான், பாட்டு ரெடியா?" என்பார். "இன்னும் முடியல மாமா" என்று பெட்டியை அணைத்துவிடுவேன். முடிந்த பாட்டுகளும் இருந்தன. ஊரெல்லாம் தண்டோரா போட்ட மனிதருக்கு இந்த வாசல் மணியைக் கேட்கக் கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் ஒருமுறைகூட வற்புறுத்தியதில்லை. அக்காதான் ஒருநாள் பெட்டியைத் துடைக்க வந்து கேசட்டை எடுத்தாள். "அதத் தொடாத அக்கா, என் பாட்டெல்லாம் அதுலதான் கீது" என்று நான் கத்தினேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டு வைத்துக்கொண்டார் என்பது அப்போது தெரியவில்லை.

அக்கா மகளுக்குப் புது நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள், வந்தது. கோயிலில் பூசை முடிந்து, வெள்ளை கவுனும் தலையில் பூமுடியுமாக அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வாசலில் பந்தல், மைக் செட், வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். சாமியார் வந்திருந்தார். மாமாவோடு ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். கேக் வெட்டி முடித்ததும் மாமா மைக்கை வாங்கினார். "இப்ப நம்ம மச்சான் கம்ப்யூட்டர்ல கட்டின பாட்டு. எல்லாரும் கொஞ்சம் அமைதியா கேளுங்க" என்றார். மைக் செட்காரர் கையில் என் கேசட் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டது.

முதலில் நீளமாக ஒரு ஊளை. பிறகு இரும்பு வாணலியைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம், நிற்காமல், ஊர் முழுக்க. சாமியார் காதைப் பொத்தினார். பிள்ளைகள் கெக்கலித்தார்கள். கம்பெனி ஆட்களில் ஒருவர், "இன்னாபா, கேசட்டு மாட்டிக்கிச்சா?" என்றார். மைக் செட்காரர் நிறுத்தப் போனார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சும்மா இருங்கப்பா. கம்ப்யூட்டர் பாட்டுன்னா அப்டிதான் இருக்கும். நமக்குப் புரியலன்னா அவன் இன்னா பண்ணுவான்? மொதல்ல கேளுங்க" என்று அதட்டினார். பிறகு கண்ணை மூடி, தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். தாளமே இல்லாத அந்த இரைச்சலில் எதையோ பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிப் போட்டார்.

அவர் மேல்தான் கோபம் வந்தது என்பதை எப்படிச் சொல்வது? ஊர் என் இசை இதுதான் என்று நினைத்துவிடுமே என்கிற ஒரே எண்ணத்தில் ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினேன். "அது பாட்டு இல்ல மாமா!" என்றேன். பக்கத்தில் மைக் உயிரோடு இருந்தது. வேப்பமரத்திலிருந்து என் குரல் ஊருக்கெல்லாம் கேட்டது. அதுவரை என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதன் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். "இன்னாபா, தாளம்லாம் போட்ட?" என்று கம்பெனி வரிசையிலிருந்து குரல் வந்தது. மாமாவின் கை தொடைமேல் அப்படியே நின்றது. பிறகு அவரும் சிரித்தார். "சரி சரி, எல போட்டாச்சி, சாப்ட வாங்க" என்று எழுந்து போய்ப் பந்தியைக் கவனித்தார். தாளக்காரர் என்ற பெயர் பஸ்ஸில் அவருக்கு ஓய்வு பெறும் வரைக்கும் நிலைத்தது. நிஜப் பாட்டைப் போட்டுக் காட்டு என்று அவர் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை. அந்த இரைச்சலுக்கே தாளம் போட்டவர் முன்னால் என் மணியோசையை எந்த முகத்தோடு போடுவது?

இப்போது என் மேசையில் இருக்கிற கணினியில் ஒரு பொத்தானை அமுக்கினால் நூறு வயலின் வாசிக்கிறது. பொழுதுபோக்காக ஏதோ செய்துகொண்டிருக்கிறேன். கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். மாமாவின் முதல் வருட நினைவுப் பூசைக்குப் போயிருந்தபோது அக்காவிடம் அந்தப் புது நன்மை நாளைப் பற்றி முதல்முறையாகப் பேச்செடுத்தேன். மாமாவை ஊர் முன்னால் அசிங்கப்படுத்திவிட்டேன், அவர் என்னிடம் கோபித்துக்கூடக் கொள்ளவில்லை என்றேன்.

அக்கா ஆச்சரியமாகப் பார்த்தாள். "அவரு எதுக்குடா கோச்சிக்கப் போறாரு? அவருக்கு உம்மேல பாவமாதான் இருந்துச்சி. 'பயந்துட்டான்மே. நாலு பேரு சிரிச்சதும் சொந்தப் பாட்டையே பாட்டு இல்லன்னுட்டான். ஒரு அஞ்சு நிமிசம் வுட்டிருந்தான்னா கடைசில நல்லா வந்திருக்கும்'னு சொல்லிக்கினே இருப்பாரு. சாவுற வரிக்கும் சொன்னாரு."

அந்தக் கேசட் கடைசி வரைக்கும் அப்படித்தான் கத்தியிருக்கும், நல்லா வர அதில் ஒன்றுமே இல்லை என்று விளக்க வாயெடுத்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா," என்றேன், "கடைசில நல்லாதான் வந்திருக்கும்."