பாட்டுக்காரி வராத கச்சேரி

வயலின் வாசிக்கிறேன் என்று சொன்னால் லண்டன் வெம்பிளியில் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஆருக்கு?" என்பதுதான். பாடுகிறவர் நடுவில் இருப்பார், வயலின் பக்கத்தில் இருந்து அவரைப் பின்தொடரும். அதுதான் அவர்கள் அறிந்த கச்சேரி. நான் யாருக்கும் வாசிப்பதில்லை. பரோக் என்கிற பழைய ஐரோப்பிய இசைதான் என் தொழில். அந்தப் பாணியில் நானே எழுதுவேன். மற்ற நாளெல்லாம் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பேன். இதை அப்பாவுக்கு விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம்.

என் வயலினுக்கு ஆட்டுக்குடலில் திரித்த தந்தி போடுவார்கள். அது வீட்டுக்குத் தெரிந்த வருடம், சரஸ்வதி பூசையன்று வயலின் சாமியறைக்கு வெளியே, கழற்றிப்போட்ட சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. தம்பியின் லாப்டாப் உள்ளே சந்தனப் பொட்டோடு இருந்தது.

போன மாரிக் குளிரில் லண்டன் நடுவில் ஒரு தேவாலயத்தில், தனி வயலினுக்கு நான் எழுதியதை வாசிக்க இடம் கிடைத்தது. அப்பா ஒருமுறையாவது முழுதாகக் கேட்டுவிட்டு, "இது நீ எழுதினதோ?" என்று கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த கல்லில் காலுறையோடு நடந்துவந்து முன்வரிசையில் அமர்ந்தார். நான் தொடங்கியதிலிருந்து திரும்பித் திரும்பி வாசலையே பார்த்தார். எழுந்து போக வழி பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆத்திரத்தில் கடைசிப் பகுதியை ஓட்டமாய் வாசித்து முடித்தேன்.

ஒரு வெள்ளைக்கார அம்மணி வந்து, இதில் உங்கள் நாட்டு இசை எந்த இடத்தில் வருகிறது என்று பணிவாகக் கேட்டார். வராது என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

பிறகு அப்பா வந்து என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. கேட்கப்போகிறார் என்று நம்பிவிட்டேன்.

"கெட்டிக்காரி பிள்ளை நீ. பாட்டுக்காரி கடைசிமட்டும் வரேல்லை, என்ன? நானும் வாசலையே பாத்துக்கொண்டிருந்தனான். தனிய நிண்டு சமாளிச்சுப்போட்டாய்."

"பாட்டுக்காரி எண்டு ஒருத்தரும் இல்லை, அப்பா. அது நான் எழுதினது."

"ஓம் ஓம். ஆளை விட்டுக்குடுக்காமல் கதைக்கிறாய். நல்ல பழக்கம்."

காரில் ஏறியதும் கனடாவிலுள்ள சித்தப்பாவை அழைத்தார். என்னைப் பற்றி அப்பா பெருமையாகப் பேசி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். வராத பாட்டுக்காரியை வாய்க்கு வந்தபடி ஏசினார். பிறகு போனை என் பக்கம் நீட்டினார்.

"சித்தப்பா கேக்கிறார். நீயே சொல்லு, ஆருக்கு வாசிக்கப் போனனீ?"

"உங்களுக்குத்தான், அப்பா."

"பகிடியை விட்டிட்டு அவளின்ரை பேரைச் சொல்லு" என்றார்.