மரியாதையாகப் படுத்த சர்வர்

இருநூறு என்ற ஓர் எண்ணைக் காப்பாற்றுவதற்காக நான் பதினோரு பக்கம் எழுதினேன். ஐம்பத்தோரு வயதில் ஒருவன் தன் ஆகச் சிறந்த உரைநடையை ஒரு டேட்டாபேஸ் சர்வரின் டிஸ்க்கைப் பற்றி எழுதினான் என்பது வெளியே சொல்லிக்கொள்ளும்படியான பெருமை அல்ல. அதை யாரும் படிக்கவில்லை. அதுவும் எனக்குப் பழக்கம்தான்; என் கட்டுரைகளுக்கும் அதே கதி. கோபம் அதற்காக இல்லை.

எங்கள் அலுவலகம் சிங்காநல்லூரில், ஒரு காலத்தில் மில்லின் பஞ்சுக் கிடங்காக இருந்த கட்டடத்தில் இருக்கிறது. நான்கு மருத்துவமனைகளுக்கு டோக்கன் போடுவதும், ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சேமித்துக் காட்டுவதும் எங்கள் மென்பொருளின் வேலை. நான்குக்கும் சேர்த்து ஒரே டேட்டாபேஸ். திங்கட்கிழமை காலையில் ஊரில் பாதிப் பேர் அதன் கதவைத் தட்டுவார்கள். ஒரு நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடுவது, உள்ளே சேருவதை எங்கே வைப்பது என்று கணக்குப் போடுவது என் வேலை. ஒவ்வொரு கனெக்‌ஷனும் கொஞ்சம் மெமரியைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் இருநூறுக்கு மேல் கூடாது என்று எழுதினேன். டிஸ்க் இந்த வருடத்துக்குள் நிரம்பும், இன்னொன்று வேண்டும், பேக்கப் பிரதிகள் தனி இயந்திரத்தில் இருக்க வேண்டும் என்றும் எழுதினேன்.

முதலாளி அந்தக் குறிப்பைப் புரட்டாமல் என்னை உட்காரவைத்துப் பேசினார். அவர் யாரையும் நிற்கவைத்துப் பேச மாட்டார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவரைப் பற்றி நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் நடுவில் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"ஏனுங்க, இருநூறு பேருக்கு மேல வந்தா என்ன பண்றதுங்க?"

"வரிசைல நிப்பாங்க. ரெண்டு செகண்ட், மூணு செகண்ட். அதுக்குள்ள முன்னால போனவங்க எந்திரிச்சிருவாங்க."

"வந்தவங்கள வாசல்ல நிறுத்தறதுங்களா?" அவர் முகம் உண்மையாகவே வாடியது.

புரிகிற மாதிரி சொல்லலாம் என்று பந்தியை இழுத்தேன். நான் செய்த முதல் தவறு. "பந்தி மாதிரிங்க. எலை இருநூறு. மத்தவங்க அடுத்த பந்தி."

"எங்கூட்டுக் கல்யாணத்துல அடுத்த பந்தின்னு யாரையும் நிறுத்துனதில்லீங்க. கூடம் நெறைஞ்சா மாடில போடுவோம். மாடியும் நெறைஞ்சா மணமேடைக்குப் பின்னால போடுவோம்."

"சமையக்காரரு அதே எட்டுப் பேருதானுங்களே?"

"அவிய சமாளிச்சுக்குவாங்க. நம்மாளுங்க."

சர்வருக்குள் நம்மாளுங்க என்று யாரும் கிடையாது என்பதை எந்த மொழியில் சொல்வது? பேச்சை டிஸ்க்குக்கு மாற்றினேன்.

"அதுல இன்னும் எடங் கெடக்குதுங்களே. பேக்கப்ப அதுலயே ஒரு மூலைல வெச்சுப்போடுங்க. சொந்த ஊட்டுப் பொருளுக்கு வெளிய எதுக்குங்க எடம்?"

"ஊட்டுக்கே ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"நல்ல நாளும் அதுவுமா அப்படிப் பேசாதீங்க." காபி சொன்னார். கடைசியில், "பாத்துக்கலாமுங்க" என்றார். முப்பது வருடமாக இந்த ஊரில் இருப்பவனுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா? தெரியும். முடியாது என்று அர்த்தம். ஆனாலும் காபி குடித்துவிட்டு, ஒப்புக்கொண்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பொய் சொல்வதற்கு எனக்கு அடுத்தவர் தேவைப்படுவதில்லை. சர்வரில் இருநூறைப் போட்டுவைத்தேன்; புது டிஸ்க் வரவில்லை, பேக்கப் அவர் சொன்ன மூலைக்கே போனது.

அந்தச் சர்வரைத் தினமும் தொட்டுக் கவனிப்பவர் ஒரு பெண்மணி. பல்லடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். கணவர் இல்லை, பள்ளியில் படிக்கும் மகள் உண்டு, வீடு இந்தச் சம்பளத்தில்தான் நடக்கிறது. முதலாளி அவரை அம்மணி என்றுதான் கூப்பிடுவார். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல முகூர்த்தம். வெள்ளகோவிலில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அன்றைக்கு ஒரு மருத்துவமனை நிர்வாகி தன் திரையில் 'சற்றுக் காத்திருக்கவும்' என்று வந்ததைப் பார்த்து முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். மூன்று செகண்ட் வந்திருக்கும். முதலாளிக்கு அது தன் வீட்டு வாசலில் சம்பந்தியை நிறுத்திய மாதிரி. அம்மணியைக் கூப்பிட்டு இருநூறை இரண்டாயிரமாக்கச் சொன்னார். அம்மணி, சாரை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேனுங்க என்று எனக்குச் செய்தி அனுப்பினார். பதில் வராமல் இரண்டாவது முறையும் அனுப்பினார்.

நான் அப்போது பந்தியில் இருந்தேன். வலது கை ரசத்தில். இடது கையால் போனை எடுத்தேன். முதல் வரியில் 'சார், 2000' என்று தெரிந்தது. மேலே படிக்கவில்லை. பக்கத்தில் பெரியப்பா, எதிரில் பாயசம் வைக்க ஆள் நிற்கிறார். இடது கட்டைவிரலால் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு இலையைக் கவனித்தேன். முதலாளியை எதிர்த்து இல்லை என்று சொல்ல அந்த அலுவலகத்தில் ஒருவருக்குத்தான் வயதும் வாய்ப்பும் இருந்தது. அந்த ஆள் பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை எட்டரைக்குச் சர்வர் படுத்துவிட்டது. வந்த அத்தனை பேரையும் உள்ளே உட்காரவைத்தது. மெமரி தீர்ந்தது. மெமரியில் கொள்ளாத வேலையை டிஸ்க்கில் எழுத ஆரம்பித்தது. டிஸ்க்கில் இடமில்லை, சொந்த வீட்டு மூலையில் ஞாயிற்றுக்கிழமை பேக்கப் வரைக்கும் அடுக்கிவைத்திருந்தோம். அதன்பிறகு ஒருவருக்கும் ஒன்றுமில்லை. மூன்று செகண்ட் காத்திருக்க வேண்டியவர்கள் மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள்.

உக்கடம் பக்கத்து மருத்துவமனையிலிருந்து கவுன்டர் பெண் போனில் கத்தினார். "சார், சக்கரை டெஸ்டுக்கு வெறும் வயித்தோட வந்து உக்காந்திருக்காங்க சார்! ஒரு பெரியம்மா மயங்கிட்டாங்க. பிஸ்கட் குடுத்தா டெஸ்ட் போயிரும், குடுக்காட்டி ஆளே போயிருவாங்க. எதைங்க சார் செய்யறது?"

"பிஸ்கட் குடுங்கம்மா," என்றேன். அன்று நான் எடுத்த ஒரே உருப்படியான தொழில்நுட்ப முடிவு அதுதான்.

அம்மணியும் நானும் பேக்கப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகர்த்தி, எண்ணைப் பழையபடி இருநூறாக்கி, சர்வரை எழுப்பும்போது மணி பதினொன்றரையைத் தொட்டிருந்தது. அம்மணி அதுவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

மதியம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். உட்காரவைத்தார். "மருத்துவமனைல எழுத்துல விளக்கம் கேக்கறாங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்க. யாரையும் கொறை சொல்ல வேண்டாங்க. அம்மணி ஏதோ தெரியாம செஞ்சுபோட்டாங்கன்னு ஒரு வரி. அவ்வளவுதான்."

"அப்பறம் அவங்க?"

"தெனமும் பஸ்ல அலையறாங்க, பாவம். ஊருக்குப் பக்கமாவே ஒரு சோலி பாத்துக்கட்டுமே. நானே நாலு பேர்கிட்டச் சொல்றனுங்க."

ஒருவரின் சோற்றில் இத்தனை கனிவாக மண்ணைப் போட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அந்தக் குரலுக்கு எதிராக என்ன செய்வது? "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆமாம், சரிங்க என்றுதான் சொன்னேன்.

முதல் பிரதியில் 'எதிர்பாராத சூழல்' என்று எழுதினேன். மூன்று மாதம் முன்பு பதினோரு பக்கத்தில் எதிர்பார்த்த சூழல் அது. அடித்தேன். இரண்டாவது பிரதியில் 'பணியாளர் ஒருவரின் புரிதல் குறைபாடு' என்று எழுதிப் பார்த்தேன். வாக்கியம் நன்றாக வந்திருந்தது. அதனால் அடிக்காமல் வைத்திருந்தேன்.

அம்மணி வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். "என்னப் பத்தி எழுதறீங்களாட்ட இருக்குது."

"உக்காருங்க அம்மணி."

"இருக்கட்டுங்க சார். நீங்க கட்டைவெரல் போட்டதை நான் யாருக்கும் காட்டலீங்க. அதை மட்டும் சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஏன் காட்டல?"

"கல்யாண ஊட்ல இருந்தீங்க. படிச்சிருக்க மாட்டீங்கன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க. தெரிஞ்சேதான் செஞ்சேன். மொதலாளி பக்கத்துலயே நின்னுட்டு இருந்தாரு, நான் என்ன பண்றது?" கொஞ்சம் நிறுத்தி, "பாயசம் நல்லா இருந்துச்சுங்களா?" என்றார்.

கேலியா கோபமா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி இல்லை. அவர் மட்டும் அந்தப் படத்தை யாருக்காவது காட்டியிருந்தால் இந்த விளக்கத்தையே என்னை எழுதச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது பிரதி ஐந்து வரி. எண்ணை மாற்றச் சொன்னவர் நிறுவனத்தின் உரிமையாளர். படிக்காமலேயே ஒப்புதல் தந்தவன் நான். இருமுறை கேட்டபின் சொன்னதைச் செய்தவர் சர்வரைக் கவனிக்கும் பணியாளர். டிஸ்க்கைப் பற்றியும் பேக்கப்பைப் பற்றியும் எங்களுக்கு முன்பே தெரியும். இணைப்பாக என் பழைய பதினோரு பக்கக் குறிப்பு. மருத்துவமனைக்கும் முதலாளிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். முதலாளிக்கு முதலில் அனுப்பியிருந்தால் காபி வந்திருக்கும்.

கால்மணி நேரத்தில் கூப்பிட்டார். அன்று நாற்காலியைக் காட்டவில்லை.

"உங்க பேரையும் போட்டுட்டீங்களேங்க?"

"நானுந்தானுங்களே பண்ணுனது."

"அங்கிருந்து போன் வந்துச்சு. மூணு பேர்ல யாரை வேலைய விட்டு நிறுத்தப் போறீங்கன்னு கேக்கறாங்க." என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார். "மொத ஆளு நானாப் போயிட்டனுங்களே."

சொல்ல வேண்டியதை எழுதியாகிவிட்டது. அவர் நெடுநேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். "யாரையும் நிறுத்தலைன்னு சொல்லிப்போட்டேன்," என்றார். அந்தக் குரலில் இருந்தது மரியாதையல்ல, வேறு வழியில்லை என்ற அலுப்பு. அன்றைக்கு அவர் சொன்னதிலேயே நான் நம்பியது அதைத்தான்.

வெளியே வந்தபோது எனக்குக் கோபம் தீர்ந்திருக்கவில்லை. இன்னும் தீரவில்லை; காரணம், உக்கடத்தில் மயங்கிய அந்தப் பெரியம்மா எப்படி இருக்கிறார் என்று எங்கள் மூவரில் ஒருவரும் அன்று கேட்கவில்லை. அம்மணி பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"நாளைக்கு வரட்டுங்களா சார்?"

"வாங்க," என்றேன். "ஒம்பது மணிக்கு வந்துருங்க."

"எட்டே முக்காலுக்கே வாரேனுங்க," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.